மே மாசம் மட்டும் பூட்டுன வீட்டைத் திறக்கலாம்னு இருக்கேன். பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

இரண்டாங்கட்டு · மார்ச் 9, இரவு 10.12

வணக்கம். ரெண்டு வருசமா இங்க வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன். முதல் தடவையா இழை தொடங்குறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்துல எங்க ஐயா காலத்து வீடு. ஒன்பது புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்குப் பங்கு. படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் திறக்கிறதோட சரி, மத்த நாள்ல பூட்டும் வௌவாலும்தான். பொங்கலுக்கு வந்தப்ப வெளித் திண்ணையில நாலஞ்சு பிள்ளைக தாயம் ஆடிக்கிட்டு இருந்துச்சுக. பேச்சுக் குடுத்தேன். ஏழாவது படிக்கிற ஒரு பையன், மே மாசம் சித்தப்பாகூடப் பந்தி பரிமாறப் போவேன், ஒரு முகூர்த்தத்துக்கு 250 ரூபா தருவாங்கன்னான். அவன் தங்கச்சிகிட்ட நீ என்ன செய்வேன்னு கேட்டா, "தம்பியத் தூக்கிக்கிட்டு இருப்பேன்" அப்படின்னுச்சு.

போன வாரம் என் மகளுக்கு மே மாசத்து ரோபோட்டிக்ஸ் வகுப்புக்கும் நீச்சலுக்குமா 18 ஆயிரம் கட்டினேன். ரசீதை வாங்கும்போது அந்தப் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்துருச்சு. அதான் இந்த இழை.

என் திட்டம்: மே மாசம் நாலு வாரம். காலை 10 முதல் 1 வரை. எட்டு வயசுலேர்ந்து பதிமூணு வரைக்கும் நாப்பது பிள்ளைக. ஸ்போக்கன் இங்கிலீஷ், அபாகஸ், ஓவியம், யோகா, கம்ப்யூட்டர். நம்ம ஊர்க் கைத்தொழிலும் விட்டுறக் கூடாது, கொட்டான் (ஓலைக் கூடை) பின்னுறது மாதிரி. பழைய லேப்டாப் அஞ்சு கிடைக்கும். கையில 60 ஆயிரம் இருக்கு. பங்காளிகள்ல ஏழு பேர் சரின்னுட்டாங்க, ரெண்டு பேர் யோசிக்கிறாங்க. இதுல எங்க இடறும்னு சொல்லுங்க.

கழனிவாசல்காரன் · மார்ச் 9, இரவு 11.05

அண்ணே, நல்ல மனசு. ஆனா இந்தச் சம்மர் கேம்ப் சங்கதியே எனக்கு ஆகாது.

சில வருசம் முன்னாடி எங்க தெருவுல ஒரு சங்கம் பத்து நாள் கேம்ப் போட்டாங்க. அறையைவிடப் பேனர் பெருசு. கடைசி நாள் எல்லாப் பிள்ளைக்கும் சான்றிதழ், பாதிப் பேர்ல எழுத்துப்பிழை, வரிசையா நிக்கவச்சு போட்டோ. எங்க அக்கா மகன் கத்துக்கிட்டு வந்தது "ஹவ் ஆர் யூ"வும் ஒரு கைதட்டுப் பாட்டும். அந்தப் போட்டோ இன்னும் அவங்க ஆபீஸ்ல மாட்டிருக்கு.

ஏழைப் பிள்ளைன்னா லீவுகூட வேண்டாமா? மே மாசம்தான் நுங்கு, மாங்கா, ஈச்சம்பழம். நுங்குக் கூந்தல்ல வண்டி செஞ்சு உருட்டுறவனக் கூப்பிட்டு அபாகஸ் மணியத் தள்ளச் சொல்றீங்களே.

சாக்பீஸ் · மார்ச் 10, காலை 6.20

முப்பத்தோரு வருசம் தொடக்கப்பள்ளியில் இருந்துட்டு ஓய்வு பெற்றவள். தம்பி ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்றேன்.

கழனிவாசல் தம்பி சொல்ற நுங்கு வண்டி எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கிறதில்லை. ஆம்பளப் பிள்ளைக்குத்தான் அந்த மே மாசம். பொட்டப்பிள்ளைக்கு மே மாசம்னா தண்ணிக் குடம், கைக்குழந்தை, அடுப்படி. இழை தொடங்கின தம்பிகிட்ட ஒரு பிள்ளை வாயைத் திறந்தே சொல்லிருச்சு, "தம்பியத் தூக்கிக்கிட்டு இருப்பேன்"னு.

அடுத்தது சோறு. இப்ப நம்ம பள்ளிகள்ல காலையில சிற்றுண்டி, மத்தியானம் முட்டையோட சாப்பாடு. ரெண்டு வேளையும் பள்ளிக்கூடத்துலயே முடிஞ்சிருது. மே மாசம் ரெண்டும் இல்லை. வறட்சி பாதிச்ச பகுதிகள்ல கோடை விடுமுறையிலயும் மதிய உணவு கொடுக்கணும்னு 2004ல உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டுச்சு. லீவுல பிள்ளை வயிறு என்ன ஆகும்னு அப்பவே யோசிச்சிருக்காங்க. உங்க பட்டியல்ல அபாகஸ் இருக்கு, சுண்டல் இல்லை.

பத்து மணியும் வேண்டாம். கத்திரி வெயில்ல ஒரு மணிக்குப் பிள்ளையை வெறுங்கால்ல வீட்டுக்கு அனுப்புவீங்களா? ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிங்க.

ஜூன்ல நான் பாத்தது ஒண்ணு. மூணாவது முடிச்சு நாலாவதுக்கு வர்ற பிள்ளை, ஏப்ரல்ல கடன் வாங்கிக் கழிச்சது ஜூன்ல கடன் வாங்காம பெருசுலேர்ந்து சிறுசைக் கழிக்கும். 52ல 38 போனா 26ம்பான். அதைத் திருப்பிக் கொண்டுவர ஆடி வந்துரும்.

கொட்டான்பின்னி · மார்ச் 10, மதியம் 2.47

டீச்சர் சொன்னது நெசம். எனக்கு மூணு பிள்ளைக, மூத்தவ ஆறாவது. நூறு நாள் வேலை இருந்தா காலையிலயே போயிருவேன். இல்லாட்டி மகளிர் குழுவுல கொட்டான். மூத்தவள நீங்க எடுத்துக்கிட்டா சின்னவன யாரு பாக்குறது? அவளக் கூப்பிடுறதா இருந்தா சின்னவனையும் சேத்துக் கூப்பிடுங்க. ஒரு ஓரத்துல பாயப் போட்டு ஒரு ஆளப் போடுங்க. அது இல்லாம மத்ததெல்லாம் பேச்சுத்தான்.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. கொட்டான் பின்னச் சொல்லித் தர்றேன்னு எழுதிருக்கீங்க. எம் மகளுக்கு ஏழு வயசுலயே தெரியும். ஓலையக் கிழிச்சுக் கிழிச்சு விரல்ல தழும்பே இருக்கு. வெளியூருக்காரவுகளுக்கு அது கலை, எங்களுக்கு அது வேலை. அவளுக்குத் தெரியாததச் சொல்லிக் குடுங்க. கம்ப்யூட்டர்ல அவ பேர அவளே அடிக்கட்டும்.

இரண்டாங்கட்டு · மார்ச் 10, இரவு 9.30

அக்கா, கோவம் எல்லாம் இல்லை. கொட்டானைப் பட்டியல்ல எழுதுனதே, வந்து பாக்குறவங்க என்ன சொல்வாங்கன்னு யோசிச்சுத்தான். எடுத்துட்டேன். ஏழரை மணி சரி. சின்னப் பிள்ளைகளும் வரட்டும். சமையலுக்கு எங்க வீட்டுல முன்ன இருந்த ஆயாவக் கேக்குறேன்.

பாஸ்டன்_காரைக்குடி · மார்ச் 11, காலை 5.58

அழகப்பா கல்லூரியில படிச்சுட்டு இங்க கல்வித்துறையில இருக்கேன். டீச்சர் சொன்ன ஜூன் மறதியை அமெரிக்காவுல பல வருசமா அளந்து பாத்திருக்காங்க, அதனால கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

பால்டிமோர் நகரத்துல 1982ல ஒண்ணாவது சேர்ந்த சுமார் 800 பிள்ளைகளைப் பல வருசம் தொடர்ந்தாங்க. பள்ளி நடக்குற மாசங்கள்ல ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் முன்னேறுச்சு. கோடையில மட்டும் வசதியான பிள்ளை மேல போகுது, ஏழைப் பிள்ளை நிக்குது, இல்லாட்டி இறங்குது. ஒன்பதாவதுல தெரிஞ்ச இடைவெளியில ஏறத்தாழ மூணுல ரெண்டு பங்கு அந்தக் கோடைகள்ல விழுந்ததுன்னு 2007ல எழுதுனாங்க. பள்ளிங்கிறது குழாய், திறந்திருக்கும்போது எல்லார் குடமும் நிறையுது, மூடுனா வீட்டுல கிணறு இருக்கிறவனுக்கு மட்டும் தண்ணின்னு வச்சுக்கங்க.

ஆனா இதுல ஒரு முடிச்சு இருக்கு. பின்னால வந்தவங்க வேற தேர்வுகளை வச்சுப் பாத்தப்போ கோடை இடைவெளி அவ்வளவு பெருசாத் தெரியலை. எந்தத் தேர்வால அளக்குறோம்ங்கிறதப் பொறுத்து முடிவு மாறுது. அதனால "கோடையில எல்லாம் போச்சு"ன்னு யாராவது சொன்னா முழுசா நம்பவேண்டாம்.

பயன்படுற தகவல் வேற. பாஸ்டன், டாலஸ் உள்பட அஞ்சு ஊர்கள்ல அரசுப் பள்ளிகள் இலவசமாக் கோடை வகுப்பு நடத்துனாங்க. 2013ல மூணாவது முடிச்ச பிள்ளைகளைக் குலுக்கல்ல பிரிச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க. பேர் குடுத்துட்டு ஒரு நாள்கூட வராத பிள்ளைகளே அஞ்சுல ஒண்ணு. 20 நாளுக்கு மேல வந்த பிள்ளைகளுக்குத்தான் பலன் நல்லாத் தெரிஞ்சுச்சு. அதுவும் முதல்ல கணக்குல. என்ன பாடம்னு மண்டைய உடைக்கிறதுக்கு முன்னாடி, தினமும் எப்படி வரவைக்கிறதுன்னு யோசிங்க அண்ணே.

செலவு கம்மியான ஒண்ணும் இருக்கு. ஃப்ளோரிடாவுல ஏழைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கோடைக்கும் 12 புத்தகம், மூணு வருசம் குடுத்தாங்க. எந்தப் புத்தகம்னு தேர்ந்தெடுத்தது பிள்ளைகளே. வகுப்பு கிடையாது, வாத்தியார் கிடையாது. வாசிப்பு கூடுச்சு.

கழனிவாசல்காரன் · மார்ச் 11, காலை 8.15

பால்டிமோர்ல மறந்தா பள்ளத்தூர்லயும் மறக்கணுமா? அவங்களுக்கு லீவு ரெண்டரை மாசம், நமக்கு ஒண்ணு ஒண்ணரை.

பாஸ்டன்_காரைக்குடி · மார்ச் 11, மாலை 6.40

நியாயமான கேள்வி. நம்ம நாட்டுக் கணக்கே சொல்றேன். பீகார்ல 2008 ஜூன்ல அரசுப் பள்ளி ஆசிரியர்களை வச்சே ஒரு மாசம் கோடை முகாம் நடத்துனாங்க. மூணுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் படிச்சும் வாசிக்க வராத பிள்ளைக மட்டும். பிரதம் அமைப்போட முறை: எந்த வகுப்புன்னு பாக்காம, எழுத்து தெரியுமா, சொல் தெரியுமா, பத்தி வாசிப்பியா, கதை வாசிப்பியான்னு பாத்துக் குழுவாப் பிரிக்கிறது. ஒரே மாசத்துல வாசிப்புல வித்தியாசம் தெரிஞ்சுச்சு. அதே ஆசிரியர்கள், அதே பிள்ளைகள்.

அந்திவகுப்பு · மார்ச் 11, இரவு 8.02

அந்த முறையைத்தான் நானும் செஞ்சேன்! அரசோட சாயந்தர வகுப்புத் திட்டம் இல்லம் தேடிக் கல்வியில ஒன்றரை வருசம் தன்னார்வலரா இருந்தேன், சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல. இப்ப எம்.எஸ்ஸி.

முதல் நாள் நாலு அட்டை மட்டும் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு பிள்ளையா உக்காரவச்சுக் கேளுங்க, ஒருத்தருக்கு மூணு நிமிசம். மத்த பிள்ளைக பக்கத்துல இருக்கக் கூடாது. எங்கிட்ட ஆறாவது பையன் ஒருத்தன். வாசிக்கிற நேரம் வந்தாலே "அக்கா, தண்ணி கொண்டாரேன்"னு எந்திரிச்சிருவான். தெருக் குழாய்க்கும் வகுப்புக்கும் அஞ்சு நடை நடப்பான். நல்ல பையன், உதவி பண்றான்னு நானும் ரெண்டு மாசம் பாராட்டிக்கிட்டே இருந்தேன். அட்டையைக் குடுத்துக் கேட்டப்பதான் தெரிஞ்சுது, அவனுக்குச் சொல்லே வாசிக்க வராது. அன்னைக்கு ரொம்ப வெக்கமாப் போச்சு, எனக்கு.

புத்தகத்துக்குப் பள்ளிக்கல்வித் துறையோட வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நல்லா இருக்கும். நுழை, நட, ஓடு, பறன்னு நாலு நிலை. எல்லாம் சின்னச் சின்னதா, படத்தோட. பெரிய பிள்ளைகளுக்கு அறிவியல் இயக்கத்தோட துளிர் பழைய இதழ்கள் கேட்டு வாங்குங்க. அதுல செஞ்சு பாக்குற சோதனை நிறைய வரும்.

இன்னொண்ணு கேக்கணும். தன்னார்வலர்களுக்கு என்ன தருவீங்க? "சேவை மனப்பான்மை"ன்னு மட்டும் சொல்லாதீங்க. இல்லம் தேடிக் கல்வியில மாசம் 1000 ரூபா தந்தாங்க. சின்னத் தொகைதான், ஆனா அந்த ஆயிரம் வரப்போய்த்தான் எங்க வீட்டுல என்னை வெளிய விட்டாங்க.

ஆத்தங்குடிக்கல் · மார்ச் 12, இரவு 9.14

இருபது வருசமா ஆத்தங்குடித் தரைக்கல்லு (டைல்ஸ்) போடுறேன். லீவு நாள்ல ஒரு நாள் பிள்ளைகளுக்குக் கல்லு போட்டுக் காட்டட்டுமா? கூலி வேண்டாம்.

எப்படின்னா, கண்ணாடிப் பலகையத் துடைச்சு வச்சு, அது மேல இரும்புச் சட்டம், அதுக்குள்ள பூ அச்சு. அச்சுக் கட்டத்துக்குள்ள கலர ஒவ்வொண்ணா ஊத்தி, அச்சை ஆடாமத் தூக்கணும். அதுக்கு மேல சிமெண்டும் நம்ம ஊரு மணலும் கலந்த பொடியத் தூவி, அப்புறம் கலவையப் போட்டு மட்டம் தட்டுறது. ஒரு நாள் விட்டுட்டுத் தண்ணித் தொட்டியில ஊறவைக்கணும். காஞ்சதும் கண்ணாடி தன்னால விட்டுரும். சூளை கிடையாது, பாலிசு கிடையாது, கண்ணாடி குடுக்குற மினுமினுப்புத்தான்.

சாக்பீஸ் · மார்ச் 13, காலை 6.05

ஐயா, அருமை. ஆனா சிமெண்டு பிள்ளை கையில பட்டா அரிச்சுப் புண்ணாயிரும். கையுறை போட்டுத்தான். ஒரே ஒரு நாள்தான், அதுவும் கைக்கு ஒண்ணு. "பிள்ளைகள் செஞ்ச கல்"லுன்னு விக்கிற யோசனை யாருக்கும் வரக்கூடாது.

இதையொட்டி அந்தப் பந்திப் பையன். 2016ல திருத்துன சட்டப்படி 14 வயசுக்குக் கீழ எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. குடும்பத்தோட சொந்தத் தொழில்ல, ஆபத்தில்லாத வேலையில, பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலயும் உதவலாம்னு விலக்கு இருக்கு. சித்தப்பாவே காண்ட்ராக்டர்கிட்டக் கூலிக்குப் போறவர்னா, கூடக் கூட்டிட்டுப் போறது அந்த விலக்குல வராது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098 இருக்கு. நான் எடுத்த உடனே போன் போடுற ஆள் இல்லை, முதல்ல வீட்டுக்குப் போய்ப் பேசுங்க. ஏழாவதுன்னா அடுத்த வருசம் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். தேறிட்டா ஒன்பதாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் வருசம் 12,000 ரூபா. குடும்ப வருமானம் மூணரை லட்சத்துக்குள்ள இருக்கணும். பந்திக் கணக்கையும் இந்தக் கணக்கையும் சித்தப்பா முன்னாடி எழுதிக் காட்டுங்க.

மட்டுறுத்துநர் · மார்ச் 14, காலை 11.00

"யார் வீட்டுக்கு யார் பிள்ளை வர்றது" என்ற வகையில் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறோம். இழை தலைப்போடு தொடரட்டும்.

சாக்பீஸ் · மார்ச் 14, மதியம் 12.20

வசவை நீக்குனது சரி. கேள்வியை நீக்காதீங்க. நானே மரியாதையாக் கேக்குறேன். தம்பி, காலனிப் பிள்ளைகளும் வருவாங்கள்ல? வந்தா முகப்போட நிப்பாட்டுவீங்களா, வளவுக்குள்ள (உள் முற்றம்) விடுவீங்களா? இதைத் தீர்க்காம மே மாசம் கதவைத் திறக்காதீங்க. பிள்ளைக ஒரு நிமிசத்துல புரிஞ்சுக்கும்.

இரண்டாங்கட்டு · மார்ச் 16, இரவு 11.48

ரெண்டு நாளா பதில் எழுதி எழுதி அழிச்சேன்.

உண்மையைச் சொல்லிடறேன். யோசிக்கிறேன்னு சொன்ன ரெண்டு பங்காளிகள்ல ஒருத்தர் சொன்னதே அதான்: "முகப்போட வச்சுக்க, உள்ள வேண்டாம், சாமி வீடு இருக்கு." நான் மறுத்துப் பேசலை. முகப்பே பெருசுதான், நாப்பது பிள்ளை உக்காரலாம்னு மனசுக்குள்ள சமாதானம் சொல்லிக்கிட்டேன். டீச்சர் கேட்டப்புறம்தான் அந்தச் சமாதானம் உறுத்துச்சு. இன்னைக்கு அவருக்குப் போன் பண்ணி, முழு வீடும் எல்லாப் பிள்ளைக்கும், இல்லாட்டி பள்ளிக்கூட வராண்டாவுல அனுமதி வாங்கி நடத்திக்கிறேன்னு சொல்லிட்டேன். "ஊருக்காக வீட்டை அசிங்கப்படுத்துறே"ன்னு வச்சுட்டாரு. மத்தவங்க எட்டுப் பேரும் இப்ப சரின்னுட்டாங்க. அவர் படைப்புக்கு வரமாட்டாருன்னு நினைக்கிறேன்.

கழனிவாசல்காரன் · மார்ச் 17, காலை 7.10

இதை நான் எதிர்பாக்கலை அண்ணே. கேம்ப் வேண்டாம்னு சொன்னவன்தான், இருந்தாலும் சாமான் தூக்க ஆள் வேணும்னா கூப்பிடுங்க. பின்கட்டுக் கிணத்துக்கு இரும்பு வலை போட்டாச்சா? மே மாசம் நம்ம பக்கம் ஊருணியிலயும் கண்மாயிலயும் பிள்ளை போறது வருசாவருசம் கேக்குற சேதி. அபாகஸ் கெடக்கட்டும்.

இரண்டாங்கட்டு · ஏப்ரல் 20, இரவு 9.25

நிலவரம். கிணத்துக்கு வலை போட்டாச்சு (8,400). வௌவால் எச்சம் கழுவ மூணு நாள். ரெண்டு தேளு, ஒரு சாரைப்பாம்பு. பாத்ரூம் ரெண்டு கட்டுனதுல பட்ஜெட் பாதி காலி, அதை நான் எழுதவே மறந்திருந்தேன். பங்காளிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாங்க. தன்னார்வலர் நாலு பேர், ஆளுக்கு மாசம் 4,000. எப்பவும் ரெண்டு பொம்பள ஆள் இருக்கணும்னு டீச்சர் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அபாகஸ், யோகா ரெண்டும் போயாச்சு.

காலையில வந்ததும் சத்துமாவு உருண்டையும் மோரும், போகும்போது சுண்டலோ அவிச்ச முட்டையோ. பேர் குடுத்தவங்க 43.

அந்திவகுப்பு · மே 14, இரவு 8.50

அண்ணன் சென்னைக்குப் போயிருக்காங்க, நான் எழுதுறேன். எட்டு நாள் முடிஞ்சுது.

முதல் நாள் 43ல வந்தது 29. பாஸ்டன் அண்ணன் எச்சரிச்சது நடந்துருச்சு. கொப்புடையம்மன் திருவிழா அன்னைக்கு 11 பேர்தான். மனசு விட்டுப்போச்சு. டீச்சர்தான், "ஏன் வரலைன்னு வீட்டு வாசல்ல போய்க் கேளு, திட்டாத"ன்னு அனுப்பினாங்க. போனேன். ஒரு வீட்டுல சீருடை தவிர வேற நல்ல சட்டை இல்லை, அரமனை மாதிரி வீட்டுக்கு அதைப் போட்டுக்கிட்டு எப்படி வர்றதுன்னு நினைச்சிருக்காங்க. மறுநாள்லேர்ந்து நாங்களும் பழைய சட்டை, நைஞ்ச சுடிதார்தான். அந்த வீட்டுலேர்ந்து மூணு பிள்ளை வருது. இப்ப தினமும் 31லேர்ந்து 34 வரைக்கும், சின்னதுக ஒம்பது தனி.

லேப்டாப் அஞ்சுல ரெண்டுதான் வேலை செய்யுது. அதனால ஒரு லேப்டாப்புக்கு நாலு பிள்ளை, மூணு பேர் வழி சொல்ல ஒருத்தர் தட்டச்சு. பேச்சுப் பழக்கம் அதுல வந்ததுதான் அதிகம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புல வரலைங்க, உள்ளதச் சொல்றேன்.

ஆத்தங்குடிக்கல் · மே 22, இரவு 9.40

இன்னைக்கு நம்ம நாள். பெரிய பிள்ளைக பதினாறு பேருக்குக் கையுறை போட்டு, கலர் மட்டும் அவுக ஊத்துனாங்க. கலவை நான் போட்டேன்.

பூ வேண்டாம், பேரோட முதல் எழுத்துப் போடணும்னு ஒரே சத்தம். கம்பிய வளைச்சு அச்சுச் செஞ்சு குடுத்தேன். எதுவும் சொல்லாமத்தான் விட்டேன். காஞ்சதும் கழட்டுனா எழுத்தெல்லாம் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பி நிக்கும்ல, பாக்கட்டும்னு.

அந்திவகுப்பு · மே 26, இரவு 9.05

நின்னுச்சு! "ம" திரும்பி, "ரா" திரும்பி. ஒருத்தி மட்டும் குதிக்கிறா, அவ பேரு "ப"வுல ஆரம்பிக்குது. "ப" திரும்பவே இல்லை. அவ்வளவுதான், திரும்பினாலும் மாறாத எழுத்து வேற எதுன்னு ஒரு மணி நேரம் தமிழ் நெடுங்கணக்கு முழுக்கத் தேடுனாங்க. ஆயா சமையல்கட்டுல மாட்டிருந்த கண்ணாடியக் கழட்டிக் கொண்டுவந்து ஒவ்வொரு எழுத்தா வச்சுப் பாத்தாங்க. கடைசியில கண்டுபிடிச்சது "ஃ". ஆய்த எழுத்து! அதைக் கண்டுபிடிச்சது நாலாவது படிக்கிற பையன். முதல் நாள் அட்டையில அவன் நின்ன இடம் எழுத்து. இன்னைக்கு "நட" புத்தகத்துல ரெண்டு பக்கம் வாசிச்சான். தடுமாறித்தான், ஆனா தண்ணி கொண்டாரேன்னு எந்திரிக்கலை.

கழனிவாசல்காரன் · மே 26, இரவு 10.30

நானும் சும்மா இல்லைங்க. பத்தரை மணிக்கு அப்புறம் முகப்புல அரை மணி நேரம் பல்லாங்குழி, பம்பரம், தாயம் என் பொறுப்பு. பல்லாங்குழியில பொட்டப்பிள்ளைக என்னைத் தொடர்ந்து ஆறு நாள் தோக்கடிச்சிருச்சுக. இன்னமும் சொல்றேன், வாசிப்பு ஒண்ணே கால் மணி நேரம் அதிகம். முக்கா மணி போதும்.

இரண்டாங்கட்டு · ஜூன் 8, இரவு 10.40

முடிஞ்சுது. 24 நாள்ல 20 நாளுக்கு மேல வந்த பிள்ளைக 22. மொத்தச் செலவு 1,12,000. என் கணக்கைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதிகம் போனது பாத்ரூமுக்கும் சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும்.

கடைசி நாள் அட்டையை மறுபடி வச்சுப் பாத்தோம். எழுத்துல நின்ன ஒம்பது பேர்ல அஞ்சு பேர் சொல்லுக்கோ அதுக்கு மேலயோ வந்திருக்காங்க. நாலு பேர் நின்ன இடத்துலயே. அவங்க நாலு பேரோட பள்ளித் தலைமையாசிரியர்கிட்ட டீச்சர் நேர்லயே போய்ப் பேசிட்டு வந்தாங்க.

பந்திப் பையன்: வாரத்துல மூணு நாள் வந்தான், முகூர்த்த நாள்ல வரலை. சித்தப்பாகிட்ட ரெண்டு தடவை போனேன். "பன்னெண்டாயிரம் அப்புறம் வரும் தம்பி, அரிசி இன்னைக்கு வேணும்ல"ன்னாரு. அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அவன் கணக்குல நல்ல புலி. மகாலுக்கு எத்தனை இலை, எத்தனை பந்தின்னு மனசுலயே போடுறான். என்.எம்.எம்.எஸ். பழைய வினாத்தாள் வாங்கிக் குடுத்திருக்கேன்.

சான்றிதழ் குடுக்கலை, போட்டோவும் எடுக்கலை. கழனிவாசல் தம்பிக்காக.

பாஸ்டன்_காரைக்குடி · ஜூன் 9, காலை 6.15

22 பேர் இருபது நாளுக்கு மேலன்னா நல்ல வருகை அண்ணே. அஞ்சு பேர் முன்னேறுனதை முகாமால மட்டும்தான்னு சொல்லிடாதீங்க, ஒப்பிட வேற பிள்ளைக இல்லை. அடுத்த தடவைக்கு அந்த அட்டைக் கணக்கைப் பத்திரமா வைங்க.

காரைக்குடி சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் குடுத்த வள்ளல் அழகப்பர் ஊரு நம்மளது. பெரிய தொகை, பெரிய கட்டடம்னா நமக்குக் குடுக்கத் தெரியும். ரெண்டு பாத்ரூமும் முட்டையும்னா யாரும் கல்வெட்டு வைக்கமாட்டாங்க, அதனாலதான் கேக்குறேன்: அடுத்த மே மாசத்துக்கு நான் முட்டைச் செலவை ஏத்துக்கட்டுமா?

சாக்பீஸ் · ஜூன் 9, காலை 6.50

ஏத்துக்கங்க. இப்பவே எழுதிவச்சுக்கிறேன். புத்தகப் பெட்டி எங்க இருக்கு? பூட்டுன வீட்டுக்குள்ள வச்சுட்டு வந்துட்டீங்களா?

இரண்டாங்கட்டு · ஜூன் 9, இரவு 9.15

உள்ளதான் டீச்சர். டிரங்குப் பெட்டியில 140 புத்தகம், பதினொண்ணு குறையுது. சனிக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் முகப்பும் பட்டாலையும் திறந்து எடுத்துக் குடுக்கலாம்னு நினைக்கிறோம். வாட்ச்மேன் அண்ணனுக்குக் கண் சரியாத் தெரியலை, பேர் எழுத முடியாது.

கொட்டான்பின்னி · ஜூன் 10, மதியம் 3.20

குறையுற பதினொண்ணுல ரெண்டு எங்க வீட்டுல இருக்கு. மூத்தவ தலகாணிக்கு அடியில வச்சிருக்கா, குடுக்கமாட்டேங்குறா. சனிக்கிழமை எனக்கு வேலை இல்ல. நான் வந்து திறக்குறேன், பேர எம் மகளே எழுதிருவா. சாவி யாருகிட்ட இருக்கு?

இரண்டாங்கட்டு · ஜூன் 10, மாலை 5.02

வாட்ச்மேன் அண்ணன்கிட்ட இருக்கு அக்கா. உங்ககிட்டக் குடுக்கச் சொல்லிட்டேன். பெரிய சாவிய ரெண்டு தடவை இடப்பக்கம் திருப்பிட்டு, கதவைத் தோளால ஒரு தள்ளுத் தள்ளணும்.